இருபத்தொன்றாம் எண்ணின் கடைசி வரி

ஊர் மன்றத் தலைவர் திருமதி பெவரல் அவர்களே, போதகர் லோவல் அவர்களே, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மடக்கு நாற்காலிகளில் வந்து அமர்ந்திருக்கும் ஹாசல்பிரிட்ஜ் பெரிய தெருவின் மக்களே!

நான் இருபத்து மூன்றாம் எண் வீட்டு டாம்சின். நாம் கூடியிருப்பது இருபத்தொன்றாம் எண் வீட்டு கிளெமென்ட் யார்னல்ட் அவர்களுக்காக. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் தோளில் இருக்கும் மகளுக்கு ஐந்து மாதம். அழுதால் பேச்சு அறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர் யார்னல்ட். இந்தத் தெருவின் நாற்பத்தாறு வீடுகளிலும் மீட்டரைப் பார்க்க மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைந்த ஒரே மனிதர்! ஓய்வுபெற்ற பிறகும் கதவைத் தட்டுவதை அவர் விடவில்லை. மீட்டரை விட்டு மனிதர்களைக் கணக்கெடுத்தார். வீட்டுக்கு ஓர் அட்டை, இருநூறு வருடத்துக்கு முன்பிருந்து இன்றுவரை. யார் குடிவந்தார், என்ன தொழில், எந்தத் தேதியில் வெளியேறினார் அல்லது இறந்தார். ஒன்பதாம் எண்ணில் கையுறை தைத்த ஹோப்டே சகோதரிகளை இன்று யாருக்குத் தெரியும்? 1852 வெள்ளத்தில், நாற்பதாம் எண் சேணக்காரர் ஜோப் ட்ரான்டர் தன் கடைக் கதவையே கழற்றிப் படகாக விட்டு அஞ்சல் பையைக் கரை சேர்த்ததை நமக்கு யார் சொன்னார்? யார்னல்ட் அல்லவா சொன்னார்!

உண்மைக்கு முன்னால் அவருக்கு முகதாட்சண்யம் கிடையாது. திருமதி பெவரல் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிச் சொல்கிறேன். அவர் வீட்டு முகப்பில், மன்னர் ஒருவர் இரவு தங்கிய இல்லம் என்று பலகை இருந்தது. யார்னல்ட் ஒரு வருடம் ஆவணங்களைப் புரட்டிவிட்டு வந்து சொன்னாராம்: “ராஜா வந்ததுக்கு ஆதாரம் இல்லீங்க. கோழி இருந்ததுக்கு நிறைய இருக்கு. 1790 வரைக்கும் அது கோழிக்கொட்டில்.” பலகை இறங்கியது. இரண்டு வருடம் திருமதி பெவரல் அவரிடம் பேசவில்லை. யார்னல்ட் மட்டும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த வீட்டு வாசலில் ஆறு முட்டை வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் குடிவந்த வாரமே அட்டையோடு வந்தார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். செப்டம்பர் நடுவில் என்றேன்.

“நடுவுலன்னு காலண்டர்ல ஒரு தேதி இல்லையேம்மா.”

“உத்தேசமா எழுதிக்கோங்களேன், மிஸ்டர் யார்னல்ட்.”

“உத்தேசம்னா என்ன தெரியுமா? கதவைத் தட்டினோம், யாரும் திறக்கலைன்னு அர்த்தம். நீதான் திறந்துட்டியே. தேதியச் சொல்லு.”

சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரரின் ரசீதைத் தேடி எடுத்துச் சொன்னேன். செப்டம்பர் பதினேழு.

அன்பு மக்களே, அந்த அட்டைகள் இருக்கும் பெட்டியை மன்றம் போன ஞாயிறு என்னிடம் கொடுத்தது. பக்கத்து வீடு நீதான், அவருடைய அட்டையை நீயே முடித்து வை என்றார்கள். ஒரே ஒரு தேதி. எட்டு நாளாகப் பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். ஏன் எழுத முடியவில்லை என்பதை உங்கள் முன் சொல்லியாக வேண்டும்.

விடியற்காலையில் அவர் வானொலியில் கடல் வானிலை கேட்பார். சுவர் வழியாக எங்கள் படுக்கையறைவரை வரும். குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அவரை வழிமறித்து, அவள் விழித்துக்கொள்கிறாள், கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அதைக் கேட்ட என் குரல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நல்ல குரல் இல்லை அது.

“அவ தூங்கட்டும்மா. கடல் நிலவரம் கேட்டு நான் எந்தக் கப்பலை ஓட்டப்போறேன்?” என்றார்.

அன்றிலிருந்து சுவர் பேசவில்லை. அதனால்தான், ஜனவரியில் அந்த வீடு உண்மையிலேயே அடங்கிப்போனபோது எனக்குத் தெரியவில்லை. மரியாதையான அமைதி என்றே நினைத்துக்கொண்டேன். என் கணவர் கடலில், காற்றாலை வேலையில். அந்த நாட்களில் நானும் குழந்தையைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு செங்கல் கனத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர்.

பிள்ளை பிறந்ததிலிருந்து செவ்வாய் மாலைதோறும் என் குப்பைத்தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளி வைத்தவர் அவர்தான். பதினான்காம் தேதி, புதன், குப்பை வண்டி போய்விட்டது. என் தொட்டி நிறைந்தபடி நின்ற இடத்திலேயே நின்றது. எரிச்சலோடுதான் போய்க் கதவைத் தட்டினேன். நான்கு மாதத்தில் முதல் தட்டல், குப்பைக்காக. திருமதி பெவரல் மாற்றுச் சாவியோடு ஓடி வந்தார். யார்னல்ட் நாற்காலியில் இருந்தார். காதில் ஹெட்போன் இருந்தது. என் மகள் விழித்துவிடக் கூடாதென்று வாங்கியது.

இறந்து கிடக்கக் கண்ட நாள் ஜனவரி பதினான்கு என்று சான்றிதழ் சொல்கிறது. இறந்த நாள்? சனிக்கிழமை ரொட்டி வாங்கினார், அது தெரியும். ஞாயிறன்று இங்கே யாராவது அவரைப் பார்த்தீர்களா? திங்களன்று? செவ்வாயன்று? அலங்காரத்துக்குக் கேட்கவில்லை. யாராவது கையை உயர்த்தினால் எழுதிவிடுவேன்.

…

இருநூறு வருடத்து மனிதர்களின் தேதிகளைத் தேடிப் பிடித்தவருக்கு, நம் நடுவில் வாழ்ந்தவருக்கு, ஒரு தேதி இல்லை. ஆகவே இந்த மேஜையில் வைத்து, உங்கள் கண்முன் எழுதுகிறேன்: ‘ஜனவரி 11 முதல் 13-க்குள். உத்தேசம்.’ அவர் இந்த அட்டைகளில் ஒருபோதும் எழுதாத சொல். கதவைத் தட்டினோம், யாரும் திறக்கவில்லை என்று அதற்கு அவர் பொருள் சொன்னார். இந்த அட்டையில் அதற்குப் பொருள் வேறு. யாரும் தட்டவில்லை.

இப்போது மீட்டர்கள் தாமாகவே கணக்கு அனுப்புகின்றன. யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. நான் வருவேன். இந்தப் பெட்டியும் இவளும் என்னோடு வருவார்கள். விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டு, சாவிப்பெட்டி தொங்கவிட்டிருக்கும் வீட்டுக் கதவுகளையும் விடமாட்டேன். அட்டையில் புதிதாக எழுத ஒன்றும் இல்லாத வாரத்திலும் வருவேன். இன்று கூட்டம் கலைந்ததும் முதல் எண்ணில் தொடங்குகிறேன்.

தட்டுவது நான்தான். தயவுசெய்து திறங்கள்.