கொடுவாய்க்காக ஒரு மனு

மீன்சுருட்டியில் அரியலூர் பஸ்ஸில் ஏறியவர்கள் மூன்று பேர். கூடையோடு ஒரு பூக்காரம்மா. கையில் கவரோடு தலை நரைத்த ஒருவர். நான். அவர்கள் இருவரும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அன்று திங்கட்கிழமை.

"என்னண்ணே, கலெக்டர் ஆபீசுக்கா?"

"ஆமாம்மா. கொடுவா மீனுக்காக மனு குடுக்கப் போறேன்."

"மீனுக்கு ஆதார் இருக்காண்ணே?"

அவர் சிரிக்கவில்லை.

"கொள்ளிடம் கடல்ல சேர்ற எடத்துல கொசுவலையைக் கட்டி குஞ்சைப் பூரா அள்ளிடறாங்க. அதை நிறுத்துனாத்தான் கொடுவா நம்ம பக்கம் ஏறி வரும்."

"அது வேற ஜில்லாவாச்சே."

"இங்கேருந்து எழுதிப் போடச் சொல்லணும். போன தடவை, தூண்டில் போடறவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னாங்க."

"வாங்கிட்டீங்களா?"

"எல்லாரும் போட்டாச்சு. ஒருத்தரும் பாக்கியில்ல."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"ரெண்டு பேரு செத்துட்டாங்க. ஒருத்தரு மவன்கூட திருப்பூரு போயிட்டாரு. மத்தவங்க மீனே இல்லன்னு தூண்டிலை விட்டுட்டாங்கம்மா."

ஜெயங்கொண்டம் தாண்டியதும் பூக்காரம்மா கேட்டார்.

"மொத்தம் எத்தனை கையெழுத்துண்ணே?"

"ஒண்ணு."