குப்பைக்குப் போன எர்ரர்

ஐந்தாவது படித்தவனுக்கு லேத் எதற்கு என்று சிரித்தார்கள். பாறை நிலத்தில் பட்டறை போட்டேன், பக்கத்திலேயே ஷெட் எழுப்பினேன், மத்திகிரியில் வீடுகள் கட்டி வாடகைக்கும் விட்டேன். அதனால் யாராவது வேலையைப் பற்றிப் பேசினால் என் காது தானாகத் திரும்பும். ஓசூரிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு பெண்ணும் இளைஞனும். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அட்டை.

“எர்ரரை எல்லாம் குப்பையில கொட்டிட்டு, எர்ரரே இல்லன்னு சொல்லியிருக்கற!” என்றாள்.

“பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுனா ஸ்கிரீன் பூரா எர்ரரா வருது மஞ்சுக்கா. அதான் டெவ் நல்லுங்கற குப்பைத்தொட்டிக்குத் திருப்பி உட்டேன்.”

“அங்க போனது திரும்பி வருமாப்பா? டிஸ்க் நெறஞ்சு பேக்கப் நின்னே போச்சு. லாக் ஃபைல்ல பாத்தா ‘முடிஞ்சது’ன்னு மட்டும் இருக்குது.”

“இப்பதான் சரியாயிடுச்சேக்கா.”

“தானா ஆச்சா? எர்ரரையும் லாக்குக்கே திருப்புனது யாரு? ஸ்கிரிப்ட்ல ஒத்த அம்புக்குறி போட்டா நேத்து எழுதுனது அழிஞ்சிரும்னு ரெட்டை அம்புக்குறி போட்டது யாரு?”

“நீங்கதான்.”

“மேனேஜருக்கும் டீமுக்கும் ‘நான் சரி பண்ணிட்டேன்’னு மெயிலா?”

எனக்கே சுர்ரென்றது.

“ஒரே டீம்தானேக்கா, யாரு பேரு போட்டா என்ன?”

“அப்ப என் பேரப் போடு. மத்திகிரி வர்றதுக்குள்ள இன்னொரு மெயில் அனுப்பு. கண்டுபுடிச்சதும் சரி பண்ணதும் மஞ்சுளான்னு எழுது. மொதல் மெயில் போன அத்தன பேருக்கும் போகணும்.”