மிளகுக் காட்டில் நெல்

செவ்வாய்க்கிழமை, அடிவாரத்தில் ஏறிய ஏற்காடு பஸ் என்று என் குறிப்பில் இருக்கிறது. விவசாயிகளின் பயிரைப் பதியும் அரசுச் செயலியை எழுதியது தான்தான் என்று முன்சீட்டு இளைஞர் வாயைவிட, பக்கத்திலிருந்த மாரமங்கலத்து அம்மா பிடித்துக்கொண்டார்.

“மழையில என் மிளகுக்கொடி பூராம் அழுகிப்போச்சுங்க. நிவாரணம் கேட்டா, உங்க நெல்லுக்குச் சேதமில்லைங்கறாங்க. ஏனுங்க, எங்க பாறைக்காட்டுல நான் எப்ப நெல்லு நட்டேன்?”

“பதிஞ்சவங்க பயிர் பேர உட்டுட்டா, அது தானா நெல்லுன்னு எடுத்துக்குமுங்க. மொதல்ல ஏதாச்சும் ஒண்ணு வெக்கோணுமுங்களே.”

“தெரியலீன்னு வெக்கறதுக்கென்னங்க? நான் சொல்லாததை எதுக்குச் சொன்னேங்கறீங்க?”

“மாத்திடறேனுங்க.”

“எனக்குமா?”

“இனிமே பதியறவங்களுக்குங்க.”

“அப்ப என் காட்டு நெல்ல நீயே வந்து அறுத்துக்க, கண்ணு!”

அந்த அம்மாவின் பதிவு பின்னர் திருத்தப்பட்டதா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.