அழித்த பிறகு ஓடிய தூரம்

— தம்பி, வந்ததுலேர்ந்து அந்தச் சின்னச் சொருகியையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. நல்ல சாமான்தான், நம்ம கடையில அதிகமா போறதே அதுதான். ஆனா வண்டியைப் பார்த்துக்கப்போறது யாரு? நீங்களா, தங்கச்சியா?

— இவதான், லுவ்சான் அண்ணே. அதனாலதான் சின்னதாக் கேக்குறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினா விவரமெல்லாம் போனுல வந்துடும். ஸ்டீயரிங்குக்கு முன்னால குறைன்னு மஞ்சள் லைட் எரிஞ்சா ஏன் எரியுதுன்னு சொல்லும். துங்காவுக்கு அது போதும்.

— துங்காவுக்கு எது போதும்னு துங்கா சொல்லட்டுமே, தெல்கெர். அண்ணே, இது பின்சீட்டுக்கு அடியில இருக்கிற பெரிய பேட்டரியைப் பார்க்குமா?

— பார்க்காது தங்கச்சி. எஞ்சினை மட்டும்தான் பார்க்கும்.

— எஞ்சினைப் பார்த்தா போதாதா? பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதெல்லாம் விடு, துங்கா.

— அப்ப இந்த நடுவுல இருக்கிறது, அண்ணே?

— அது எஞ்சின், பிரேக், ஏர்பேக் மூணையும் பார்க்கும். பேட்டரியைப் பத்திக் கேட்டா முழிக்கும். அதோ, திரையோட இருக்கே பெரிசு, அதுதான் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பார்க்கும். பேட்டரியைப் பதினாலு பாகமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நாடி பிடிச்சுச் சொல்லும். உலான்பாதர்ல பாதிப்பேரு ஜப்பான்காரன் ஓட்டிக் களைச்ச ஹைப்ரிட் வண்டியைத்தானே ஓட்டுறோம். நம்ம ஊருக்கு அதுதான் சரி. விலை மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

— கொஞ்சமா? அந்த விலைக்கு ரெண்டு மாசம் அடுப்புக்கரி வாங்கலாம்.

— இவர் அப்படித்தான் சொல்லுவார், நீங்க பேசுங்க அண்ணே. அதுல எந்த மொழி வரும்?

— சீனம், ரஷ்யன், இங்கிலீஷ். நம்ம மொழி இன்னும் வரலை.

— ரஷ்யன் எனக்குப் போதும். வருஷா வருஷம் பணம் கட்டணுமா?

— முதல் ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் கட்டாட்டியும் வேலை செய்யும், புதுசா வர்ற வண்டிகளைத்தான் அதுக்குத் தெரியாது. உங்க வண்டி புதுசாகப்போறதில்லையே.

— திரை? மைனஸ் முப்பதுல உறைஞ்சுபோகுமா?

— மந்தமாகும். தூங்கி எழுந்தவன் மாதிரி ஒவ்வொரு எழுத்தா வரும். கோட்டுக்குள்ள, நெஞ்சோட வெச்சுக் கொண்டுபோங்க, சரியா இருக்கும். பாருங்க தம்பி, தங்கச்சி கேக்குற கேள்விக்கு நானே யோசிச்சுப் பதில் சொல்ல வேண்டியிருக்கு. கடைக்கு வர்ற ஆம்பளைங்க நிறம் நல்லாருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.

— நானும் அதைத்தான் பார்க்குறேன். பதினாலு பாகம், உறையிற திரை. எங்கே கத்துக்கிட்டே இதெல்லாம்?

— நீ வியாழக்கிழமை கொரியாவுக்கு ஏறிட்டா, வெள்ளிக்கிழமை காலைல யாரு எனக்குச் சொல்லித்தரப்போறாங்க? நானேதான் கத்துக்கணும்.

— ஓ, தம்பி கொரியாவா? வேலைக்கா?

— ஆமாண்ணே. கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. கொரிய மொழிப் பரீட்சையை மூணாவது தடவை எழுதித்தான் கிடைச்சது. நாலு வருஷம் பத்து மாசம்.

— நல்லது தம்பி. நம்ம மச்சினன்கூட அங்கேதான், காளான் பண்ணையில. வீட்ல எத்தனை பேரு?

— நானும் இவரும் ஒரு பொண்ணும். மிஷீல். ஆறு வயசு. நாங்க இருக்கிறது சிங்கெல்தெய் மேட்டுல, அண்ணே. குளிர்காலத்துல அங்கே கரியடுப்புப் புகை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அவளுக்கு மூச்சு இழுக்கும். அக்டோபர்லேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வண்டி நின்னுடுச்சுன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனாலதான் பெரிசைக் கேக்குறேன்.

— அப்ப யோசிக்கவே வேண்டாம். வண்டி வெளியிலதானே நிக்குது? வாங்க, சொருகிப் பார்த்துடுவோம். உங்க கண்ணால பார்த்து வாங்குங்க.

— இப்ப எதுக்குண்ணே? வண்டி ஆறிப்போய்க் கிடக்கு. சூடா இருக்கும்போது பார்த்தாத்தான் சரியாக் காட்டும்.

— ஆறியிருந்தாத்தான் நல்லது தம்பி. உடம்பு முடியலைங்கிறது படுத்திருக்கும்போதுதானே தெரியும். வாங்க.

— இல்லண்ணே, மிஷீலை என் அக்கா வீட்ல விட்டுட்டு வந்திருக்கோம். நேரமாகுது. அந்த நடுவுல இருக்கிறதையே குடுத்துடுங்க, போதும்.

— உன் அக்கா வீட்ல அவ பூஸ் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கிட்டுச் சந்தோஷமா இருப்பா. சாவியைக் குடு, தெல்கெர்.

— துங்கா.

— சாவி.

— ...இந்தா.

— தங்கச்சி ஸ்டீயரிங் பக்கம் உக்காருங்க. தம்பி இந்தப்பக்கம். நான் பின்னால ஏறிக்கிறேன். கதவை நல்லாச் சாத்துங்க, குளிரு உள்ளே வருது. எஞ்சின் மேல கம்பளி போட்டு மூடியிருக்கீங்கபோல, நல்ல காரியம். ம், அந்த ஓட்டையில சொருகுங்க. தெரியுதா? முழங்கால் பக்கம்.

— தெரியுது. இங்கேதான்.

— தடவாமப் பிடிச்சுட்டீங்களே. இப்ப சாவியைத் திருப்பி ஒரு நிமிஷம் விடுங்க. அதுவே வண்டியைக் கண்டுபிடிச்சுக்கும். ஆச்சு. பாருங்க, பச்சை, பச்சை, பச்சை. எஞ்சின்ல குறை இல்லை. பிரேக்ல இல்லை. பேட்டரியில குறைப்பதிவு எதுவும் இல்லை.

— அதான் சொன்னேனே. நல்லாத்தான் இருக்குன்னு.

— இருங்க தம்பி. குறை இல்லைன்னு ஒரு மெஷின் சொன்னா நான் உடனே நம்பமாட்டேன். யாராவது பதிவை அழிச்சு லைட்டை அணைச்சிருந்தாலும் குறை இல்லைன்னுதான் வரும். அதுக்கு வேற ஒரு பக்கம் இருக்கு. கீழே போங்க தங்கச்சி, இன்னும் கீழே. அங்கே. "அழித்த பிறகு ஓடிய தூரம்". எவ்வளவு போட்டிருக்கு?

— அறுபத்துமூணு கிலோமீட்டர்.

— அறுபத்துமூணுதானா? அப்ப நேத்தோ முந்தாநாளோ யாரோ அழிச்சிருக்காங்க. இப்ப அந்தப் பேட்டரிப் படத்தைத் தொடுங்க. பதினாலு கோடு வரும். பார்த்தீங்களா, எல்லாம் ஒரே உயரத்துல நிக்குது, ஒண்ணு மட்டும் குனிஞ்சு நிக்குது.

— ஒன்பதாவது.

— ஒன்பதாவதுதான். அதுதான் உங்க வண்டியைப் பிடிச்சு இழுக்குது. தம்பி, கோபப்படாதீங்க. வண்டியை வித்தவன் அழிச்சானா, மெக்கானிக் அழிச்சானான்னு எனக்குத் தெரியாது. நம்ம மார்க்கெட்லயே அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. லைட்டை அணைச்சுட்டு வண்டி சரியாயிடுச்சும்பாங்க.

— மெக்கானிக் இல்லண்ணே.

— பின்னே?

— நான்தான். எங்கிட்ட ஏற்கெனவே ஒரு சின்னச் சொருகி இருக்கு. வேலை செய்யிற இடத்துல ஒருத்தன் குடுத்தான். இலையுதிர்காலத்துல முதல்தடவை லைட் எரிஞ்சது, அழிச்சேன். அப்புறம் எரிய எரிய அழிச்சேன். துங்கா, என்னைப் பார்க்காதே. கேளு. பெரிய பேட்டரி மாத்தணும்னா டிக்கெட்டுக்கு வெச்சிருந்தது அத்தனையும் போயிடும்னு நினைச்சேன். உனக்குத் தெரிஞ்சா நீ போகவேண்டாம்னு சொல்லியிருப்பே.

— தெரியும்.

— எது தெரியும்?

— நீ அழிக்கிறது. அக்டோபர்ல வண்டி உதறுதுன்னு பக்கத்துவீட்டு பூர்வேகிட்ட இதே மாதிரிப் பெரிய மெஷினை வாங்கிச் சொருகிப் பார்த்தேன். ஒன்பதாவது கோடு குனிஞ்சு நின்னது. குறைப்பதிவு இல்லை. அழிச்சு பன்னெண்டு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் வண்டியை எடுத்தது நீதான்.

— அக்டோபர்லேர்ந்தா? மூணு மாசம் வாயைத் திறக்கலையே.

— நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.

— துங்கா...

— சொல்லலை. அப்புறம் பத்து நாளைக்கு முன்னாடி மேட்டுப்பாதையில வண்டி நின்னுச்சு. காலைல எட்டு மணி, மிஷீலுக்கு இழுப்பு. அவளைக் கோட்டுக்குள்ள விட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னேன். ஏழு வண்டி நிக்காமப் போச்சு. எட்டாவதா ஒரு பால்வண்டிக்காரர் நிறுத்தினார்.

— பெட்ரோல் தீர்ந்துபோச்சுன்னு சொன்னே.

— சொன்னேன். டேங்க்ல பாதி இருந்தது. சாயங்காலம் வண்டியை எடுத்துட்டு வந்தது நீதானே, முள்ளைப் பார்த்திருப்பே.

— பார்த்தேன்.

— பார்த்துட்டும் ஒண்ணும் கேக்கலை.

— கேக்கலை.

— தங்கச்சி, தம்பி, குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. இது உங்க வீட்டு விஷயம். ஆனா நம்ம தொழில் விஷயத்தை நான் சொல்லாம இருக்கமுடியாது. பேட்டரியை முழுசா மாத்தணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?

— போனுல அந்தச் சொருகி அப்படித்தானே போட்டுது. பேட்டரி மாத்தவும்னு.

— அது அப்படித்தான் போடும். பேட்டரிக்குள்ளே பார்க்காது, எஞ்சின் பக்கம் வந்த பதிவை அப்படியே படிக்கும்; அதுக்குத் தெரிஞ்ச ஒரே வாக்கியம் அது. குனிஞ்சு நிக்கிறது ஒரு பாகம். அதை மட்டும் கழட்டிட்டு வேற போட்டா வேலை முடிஞ்சுது. மூணாவது வரிசையில நம்ம யோந்தோன் இருக்கான், காலைல விட்டா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவான். செலவும் பெரிசா ஆகாது. இந்த மெஷின் விலையில பாதிகூட வராது.

— ஒரு பாகம் மட்டுமா?

— ஒரே பாகம். ரெண்டு குளிர்காலம் தாங்கும், அடிச்சுச் சொல்றேன். இருங்க, அவன் கையில பாகம் இருக்கான்னு போய்க் கேட்டுட்டு வர்றேன். எஞ்சின் ஓடட்டும், நீங்க உள்ளேயே இருங்க. ஹீட்டரைக் கூட்டி வெச்சுக்குங்க.

— சரிண்ணே.

— கதவைச் சாத்திட்டுப் போறேன்.

— ...நல்ல மனுஷன்.

— ம்.

— கேட்டியா தெல்கெர், மத்தியானத்துக்குள்ள ஆயிடுமாம். மூணு மாசமா ரெண்டுபேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மறைச்சது இவ்வளவுதான்.

— ம்.

— கோபம் இருக்கு, தெல்கெர். இல்லைன்னு சொல்லமாட்டேன். அந்த ரோட்டுல நின்ன அரைமணி நேரம் என்னிக்கும் மறக்காது. ஆனா நீ எதுக்காகப் பண்ணினேன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷம் பல்லைக் கடிச்சா மிஷீலுக்குக் கரியடுப்பு வேண்டாத, குழாய்ச்சூடு வர்ற அடுக்குமாடி வீடு, புகை இல்லாத ஜன்னல். அதுக்காகத்தானே.

— அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.

— ஆனா நீ நேத்து அழிச்சதா அவர் நினைக்கிறார். நேத்து அழிச்சது நீ இல்லை.

— தெரியும். நான் அழிக்கலை. பழசெல்லாம் அவர் முன்னாடி வெளியே வந்துடும்னுதான் மெஷின் வேண்டாம்னேன், ஆனா அந்த அறுபத்துமூணு என்னோடது இல்லை.

— நான் அழிச்சேன். நேத்துக் காலைல ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது எரிஞ்சது. நேரே பூர்வே வீட்டுக்குப் போய் மெஷினை வாங்கி அழிச்சேன்.

— ஏன்? மூணு மாசம் என்மேல கோபப்பட்டுட்டு, நீயே ஏன்?

— வியாழக்கிழமை விமானம். லைட் எரியிறதை நீ பார்த்தா ஏறமாட்டே. மூணு தடவை பரீட்சை எழுதினவன் ஒரு மஞ்சள் லைட்டுக்காக நின்னுட்டான்னு ஆகக்கூடாது. நாளைக்கு அடுப்புக்கரி அள்ளும்போதெல்லாம் நீ என்னைப் பார்ப்பே. அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். உன்னை அனுப்பிவெச்சுட்டு நானே இந்த மெஷினை வெச்சுக்கிட்டுச் சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்.

— அதனாலதான் பெரிசு வேணும்னு நின்னே.

— அதனாலதான். இனி அந்தக் கவலையும் இல்லை. பாகத்தை மாத்திட்டா வண்டியும் ஓடும், நீயும் நிம்மதியாப் போகலாம். அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? சரியாயிடும்னுதானே சொன்னார்.

— அதான்.

— எது அதான்?

— அன்னிக்கு டேங்க் முள் பாதியில நின்னதைப் பார்த்தேன் பாரு, அன்னிலேர்ந்து பத்து நாளா நான் அந்தச் சொருகியைத் தொடவே இல்லை, துங்கா. லைட் எரியட்டும், அதை நீ பாரு, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னு, தினமும் உனக்கு முன்னாடி எழுந்துவந்து இந்த சீட்ல உக்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.