பல்லுக்கு ஒரு சாட்சி

திங்கட்கிழமை காலை, பீச் ரயில். உட்கார இடம் கிடைத்த திருப்தியில் கண்ணை மூடியிருந்தேன். தாம்பரத்தில் ஏறி எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னது என் கண்ணைத் திறந்துவிட்டது.

“நேத்து சர்ச்சுல பல்லுக்காக சாட்சி சொன்னேன்.”

“வியாதி தீர்ந்தா, வேலை கிடைச்சா எழுந்து நின்னு சொல்வாங்க. பல்லுக்கு யாராவது சொல்வாங்களாக்கா?”

“ஏன், கூடாதா? பல்லு கலர்லயே அடைப்பாங்களே, அந்த ஃபில்லிங் போட்டுக்கிட்டேன். அஞ்சாறு வருஷம் வந்தாலே பெருசுன்னாரு டாக்டர். அப்ப என் பொண்ணு ஜெனி எல்கேஜி. இப்ப காலேஜே முடிச்சிட்டா. இன்னிக்கும் முறுக்கு அந்தப் பக்கம்தான் கடிக்கிறேன்.”

“எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே.”

“சிரிச்சாங்க. அந்த டாக்டரும் நம்ம சபைதான். ஆராதனை முடிஞ்சதும் வந்து, வாசல்லயே வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் லைட் அடிச்சுப் பார்த்தாரு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.”

“ஏன்?”

“‘ஃபில்லிங் விழுந்தாதாம்மா திரும்பி வருவாங்க. நல்லா இருக்குன்னு சொல்ல யாரும் வந்ததே இல்ல’ன்னாரு.”

குரோம்பேட்டை வந்தது. இளையவரின் கன்னத்துக்குள்ளே நாக்கு எதையோ தடவிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஃபில்லிங் போட்டவங்க பேருகூட ஞாபகம் இல்லக்கா.”