பசை தடவாத போல்ட்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான் சார், அது துருப்பிடிக்காது. ஆனால் அதை அலுமினியத்தில் மாட்டி, இடையில் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டால், சுற்றியிருக்கிற அலுமினியத்தை அரித்துவிடும். போல்ட் மட்டும் கடையில் வாங்கியது போலவே மின்னிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் மாட்டுவதற்கு முன்னால் மரையில் பசை தடவுவது. இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொள்ளாது. விரல் நுனியளவு போதும். என் மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காது புளிக்கப் புளிக்க இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மறதி என்று எழுதிவிடாதீர்கள். தொழிலில் எனக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம்.

என் பெண்ணை பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அம்மா தவறிப்போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று என் அக்கா தலைகீழாக நின்று பார்த்தாள். நான் அசையவில்லை. பாப்பா பட்டறையிலேயேதான் வளர்ந்தாள், டயர்களுக்கு நடுவில் பாய் விரித்துத் தூங்கினாள். கல்யாணமான பிறகு கடலோரத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு தடவை. அப்புறம் ஃபோன்தான். நான் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் டிவியோடு பேசிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாப்பிள்ளை தன் பைக்கோடு வந்தார்.

"மாமா, எல்லா போல்ட்டும் துருவேறிப் போச்சு. பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் பளபளன்னு ஸ்டீல் போட்டுக் குடுங்க. கடல் காத்து ஒண்ணையும் விட்டு வைக்க மாட்டேங்குது."

போட்டுக் கொடுத்தேன். பசை டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

முதலில் சின்னச் சின்ன போல்ட்டுகளுக்குத்தான் தடவாமல் விட்டேன். மழைக்காலம் முடிந்ததும் எஞ்சின் மூடியில் ஒன்று, அரித்த பொடி அடைத்து இறுகிப்போனது. அந்த ஊரில் யாராலும் கழற்ற முடியவில்லை. மாமாவிடமே போவோம் என்று இருவரும் வந்தார்கள். அதைக் கழற்ற முழுப் பகலும் ஆனது, நானும் அவசரப்படவில்லை. பாப்பா பழைய சீட் ஒன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க சட்டையில இருக்கிற கிரீஸை வழிச்சா நாலு வண்டிக்கு ஆகும். இதோடவா சாப்பிட உக்காருவீங்க?"

"நீ வந்து துவைச்சுக் குடு."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

சொல்லிக்கொண்டே துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த தடவையும் பசை தடவவில்லை. அதற்கடுத்த தடவையும்தான். இப்படியே முன் பிரேக்கை, சக்கரத்தைத் தாங்குகிற அலுமினிய ஃபோர்க்கோடு பிடித்து வைக்கிற இரண்டு போல்ட்டுகளுக்கும் வந்து சேர்ந்தேன். விளையாடக்கூடாத இடம் என்று தெரியும். ஆனால் வண்டி என் கைக்குத்தானே வரப்போகிறது, முற்றிப்போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் என்னிடம் வந்துகொண்டிருக்கும் வரை அந்த வண்டியில் எந்த ஆபத்தும் கிடையாது.

பிறகு நீண்ட நாள் வரவில்லை. போன மழைக்குப் பிறகு வந்தபோது பாப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளைக்கு வேறொரு துறைமுகத்தில் பெரிய வேலை கிடைத்திருந்தது. விமானத்தில்தான் போக வேண்டுமாம்.

"வண்டியை வித்துட்டுத்தான் போறோம்ப்பா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்க."

சந்தோஷம் என்றேன். பிரேக் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். அதன் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அழுத்தியதும், சுற்றியிருந்த அலுமினிய மரை நொறுங்கி போல்ட்டோடு சேர்ந்து வந்தது, ஊறிப்போன சுண்ணாம்புச் சுவர் மாதிரி. அடுத்ததும் அதே கதை. அந்த நேரத்தில் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் துடித்தேன் சார், நம்புங்கள். போல்ட்டை மாற்றிப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை. ஃபோர்க்கையே மாற்ற வேண்டும், அது வந்து சேர நாளாகும்.

வண்டியை எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மாப்பிள்ளைக்கு இயந்திரம் தெரியும். எந்த போல்ட்டைக் கழற்றினாலும் பசையின் சுவடே இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் பாப்பா என் முகத்தில் விழிப்பாளா? அவ்வளவு தூரம் போகிறவள் அந்தக் கசப்போடு போனால் திரும்பி வருவாளா? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளைப் பொடியைத் துடைத்தேன். போல்ட்டுகளைப் போன வரைக்கும் திருகி வைத்தேன்.

"பிரேக் பாத்துட்டீங்களா மாமா?"

"பாத்துட்டேன் மாப்பிள்ளை. மெதுவாவே போங்க."

"உங்க கை பட்டா போதும், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்," என்றார்.

ஊர் திரும்புகிற வழியில், கடலோர இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தியதும் அது பிடுங்கிக்கொண்டு சக்கரத்துக்குள் சிக்கிவிட்டது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். பாப்பாவுக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. மாப்பிள்ளைக்குப் பிடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பொழுது சாய்வதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவர்களுக்கு பாப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியாது. பாவம் சார், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?