நூறு சதவீதக் கேக்

– நம்ம டிரைவர் சைரன்தான் கிருமியைக் கொண்டு வந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் சிஸ்டர். சாயங்காலமே அவனை வேலையை விட்டு அனுப்பிடறேன். சிம்பிள்.

– ஆம்புலன்ஸ் ஓட்டறவரைப் போய் எப்படி சார் சொல்றது? டாக்டர், நர்ஸ், லேப், மருந்துக் கவுண்டர்னு ரெண்டு தடுப்பூசியும் போட்டுக்கிட்டவங்க அத்தனை பேருக்கும் கொரோனா. உங்களுக்கும் வந்து, எனக்கும் வந்து, வீட்டுக்கு ஒருத்தரா கதவைச் சாத்திக்கிட்டு படுத்திருக்கோம். டெஸ்ட்ல அவருக்கு மட்டும்தான் இல்லைன்னு வந்திருக்கு.

– அதுதான் இடிக்குது. எல்லாருக்கும் வந்தது அவனுக்கு மட்டும் ஏன் வரல? லாஜிக்கா பாருங்க. இருந்ததையெல்லாம் நம்மகிட்ட குடுத்துட்டான். அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்?

– கிருமி என்ன சார் சில்லறையா, குடுத்தா தீர்ந்து போறதுக்கு?

– நான் பெரிய டாக்டர். எனக்கே கிருமி பத்திப் பாடம் எடுக்காதீங்க.

– அது சரி சார். போன்லயே இருமல் ஜாஸ்தியா கேக்குதே.

– தூசி.

– ரூமை விட்டே வெளிய வராதவருக்கு ஏது சார் தூசி?

– பேச்சை மாத்தாதீங்க. மேலிடத்துல என்னை வறுத்தெடுக்கறாங்க. ‘நூறு சதவீதம் தடுப்பூசி போட்ட மருத்துவமனை’ன்னு வாசல்ல பேனர். அதுக்கு நேர் கீழ, ‘ஊழியர்களுக்கு உடல்நலமில்லை, நோயாளிகள் வேறு மருத்துவமனைக்குச் செல்லவும்’னு போர்டு. எவனோ ரெண்டையும் ஒண்ணா போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டான். அப்ப ஊசியே வேஸ்டான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?

– ஊசி அது வேலையைச் செஞ்சிருக்கு சார். போன தடவை ஊசி வர்றதுக்கு முன்னாடி, நம்ம லேப் அண்ணன் ஆக்சிஜனோட போனாரு, திரும்பி வரல. இந்தத் தடவை ஒருத்தரைக்கூட அட்மிட் பண்ணல. எல்லாரும் காய்ச்சல் மாத்திரையை முழுங்கிட்டு வாட்ஸப் குரூப்ல தெம்பா சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. ஊசி போட்டாச்சு, இனிமே மாஸ்க் எதுக்குன்னு நாமளா முடிவு பண்ணினது ஊசியோட தப்பில்ல.

– யாரு மாஸ்க்கைக் கழட்டினது?

– ஊசி போட்டு முடிச்சதுக்குக் கேக் வெட்டினோமே, அன்னைக்கு எல்லாரும்தான். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தின மீட்டிங் ரூம்ல, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னோம். போட்டோல முகம் தெரியணும், கழட்டுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. மெழுகுவத்தியை மூச்சு முட்ட ஊதினதும் நீங்கதான்.

– தடுப்பூசிக்கு எவனாவது மெழுகுவத்தி வைப்பானா?

– நீங்க கேட்டீங்க, நான்தான் சார் வெச்சேன். இப்ப நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

– சரி, அந்தக் கேக்கை வாங்கிட்டு வந்தது யாரு? சைரன். முடிஞ்சுதா? சிம்பிள்.

– அவர் மாஸ்க்கைக்கூட இறக்காம, வாசல்லயே குடுத்துட்டு நோயாளியைக் கூட்டிட்டு வர ஓடிட்டாரு. அவருக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னுகூட நமக்குத் தோணல. சார், அவர் வண்டி ஓட்டித்தான் வீட்டுல நாலு பேர் சாப்பிடறாங்க. கிருமியைப் பரப்பினவன்னு பேரைக் கட்டி அனுப்பினா, அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில அவரைச் சேர்த்துப்பாங்க? எனக்கு மனசு வரல.

– மனசு பாத்தா நிர்வாகம் நடக்காதும்மா. முதல்ல கொண்டு வந்தவன் எவனா இருந்தாலும் வேலை போகணும்னு மேலிடத்துல சொல்லிட்டேன்.

– எவரா இருந்தாலுமா சார்?

– எங்கப்பாவா இருந்தாலும்.

– அது சரி. ஆனா அந்த முதல் ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியல. எல்லாருக்கும் காய்ச்சல் அடிச்சது கேக் வெட்டினதுக்கு அப்புறம்தான். அன்னைக்கு ரூம்ல யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு ஒவ்வொருத்தரும் சத்தியம் பண்றாங்க.

– அப்ப வெளியிலேர்ந்து வந்தவன்தானே கொண்டு வந்திருக்கணும்? அவன் யோக்கியதை எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நல்ல கடையில வாங்குடான்னா, ஏதோ மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான். ஒரு வாய் வெச்சுப் பாத்தேன். இனிப்பும் இல்ல, வாசனையும் இல்ல, பஞ்சை மென்ன மாதிரி இருந்துச்சு. சந்தோஷமான நாள்ல எதுக்குன்னு வாயைத் திறக்கல.

– சார், எங்க எல்லாருக்கும் அந்தக் கேக் கமகமன்னு மணந்துச்சு, திகட்டத் திகட்டத் தித்திச்சுது.